எதிர்க்கட்சி "சரி" சொன்ன மதியம்

எதையும் எதிர்க்காமல் அவள் ஒரு வாய் காபி குடித்ததில்லை. சேலத்தில் சமூகக் கொள்கையும் அரசியலும் முதுகலை படித்த எங்கள் வகுப்பில் அவளுக்குப் பெயர் எதிர்க்கட்சி. பேராசிரியரே அப்படித்தான் கூப்பிடுவார். அதையும் எதிர்த்தாள். "எதிர்க்கட்சித் தலைவர்னு முழுசாச் சொல்லுங்க சார்."

நான் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு அந்தப் படிப்புக்கு வந்தவள். எதையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கினால்தான் எனக்கு ஓடும். நான் ஒன்று என்றதுமே அவள் கையைத் தூக்கிவிடுவாள்.

விடுதி சாம்பார் தண்ணீராக இருக்கிறதென்று ஒரு வாரம் போராடினாள். சமையல்கார அண்ணன் கெட்டியாக்கினார். மறுநாள் தட்டோடு அவர் முன் நின்றாள்.

"யாரக் கேட்டு மாத்துனீங்க?"

"ஏங்கண்ணு, நீதான கேட்ட?"

"நான் ஒருத்தி கேட்டா போதுமுங்களா? அப்பறம் எதுக்குங்க ஜனநாயகம்?"

அவர் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

குடியிருப்புக் கொள்கைப் பாடத்தின் களப்பணிக்கு ஏற்காடு மலைமேல் இருக்கும் அவள் ஊரான நாகலூருக்கே போனோம். அவளுக்கு அப்பா இல்லை. அம்மா காபி எஸ்டேட்டில் வேலை செய்தார். வீட்டில் ஒருவராவது வேலைக்குப் போனால்தான் எஸ்டேட் கொடுத்த அந்த வீடு. அம்மாவுக்கோ மூட்டு வலி. சரிவில் ஏறிப் பழம் பறிக்க முடியவில்லை. நாங்கள் வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் வந்து, வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, உன்னால முடியலைன்னா புள்ளைய நாளைக்கே வேலைக்கு அனுப்பு. இல்லீனா ஊட்டக் காலி பண்ணோணும். மேனேஜர் சொல்லிட்டாரு."

எல்லோரும் எதிர்க்கட்சியைப் பார்த்தோம். அவள் தரையைப் பார்த்தாள்.

"சரிங்க, வந்தர்றேன்" என்றாள்.

அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் "சரி" அது. படிப்பு அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

உள்ளேயிருந்து அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இவ என்னுங்க சரீங்கறது? வேலைக்கு ஆள் வேணும், அவ்வளவுதானுங்களே? நாத்துப் பையில மண்ணு நெரப்ப முட்டி எதுக்குங்க? நான் உக்காந்து நெரப்பறேன்."

"அது வயசானவங்க வேலைம்மா."

"எனக்கென்ன வயசு திரும்பியா போகுது?"

"மேனேஜர் கேட்டா?"

"வரச் சொல்லுங்க, நானே சொல்றேன். நீங்க மொதல்ல காபி குடிங்க."

ரைட்டர் குடித்தார். "நாளைக்கு நாற்றங்காலுக்கு வந்துரு" என்று முனகிவிட்டுப் போனார். எங்கள் வகுப்பில் இருந்தது வெறும் கிளை அலுவலகம், தலைமையகம் நாகலூரில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவள் பேசவேயில்லை. ஏற்காடு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் எனக்குத் தாங்கவில்லை. வேண்டுமென்றே தவறான கருத்துகளை அடுக்கினேன். ஒன்று, ரேஷன் கடைகளை மூடிவிடலாம். அவள் அசையவில்லை. இரண்டு, பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ் தேவையில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று, படித்தவர்களுக்கு மட்டும் ஓட்டு இருந்தால் போதும்.

"ஏனுங்க்கா, உங்களுக்கு அறிவிருக்குங்களா?" என்று திரும்பினாள். அடிவாரம் வரை திட்டினாள்.

இப்போது வேறெங்கோ வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தால், ஒரு தவறான கருத்தை அனுப்பிவிட்டுப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.