ரிப்பன் ஸ்பீக்கருக்கு ஆம்ப் பார்க்கிறவர்

மனிதர்களில் பொருத்தக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. கல்யாணத் தரகர் என்று நினைத்துவிடாதீர்கள். தரகர் இரண்டு பேரைச் சேர்த்துவைத்துவிட்டுச் சாப்பிட்டுப் போய்விடுவார். அதற்கப்புறம் அவர்கள் அடித்துக்கொண்டாலும் அணைத்துக்கொண்டாலும் அவருக்குக் கவலையில்லை. நான் சொல்கிற பொருத்தக்காரர் சேர்த்ததைப் பிரிப்பார், பிரித்ததை வேறொன்றோடு சேர்ப்பார், நன்றாக இருக்கிறதா என்று காதை வைத்துக் கேட்பார், நன்றாக இருந்துவிட்டால் இதைவிட நன்றாக இருக்காதா என்று மறுபடி பிரிப்பார். வீட்டில் உயர்ந்த ரகப் பாட்டுப் பெட்டி வைத்திருக்கிற ஆண்களிடையே இந்த இனம் செழித்து வளர்கிறது. கண்டுபிடிப்பது சுலபம். பாட்டு ஓடும்போது எல்லோரும் பாட்டைக் கேட்பார்கள். இவர் பெட்டியைக் கேட்பார்.

ஒருவரைக் காட்டுகிறேன், பாருங்கள். ஒருவரைப் பார்த்தால் போதும், மற்றவர்களெல்லாம் அதே அச்சு.

இவருக்குத் தொழில் கண்ணாடிக் கடை. காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் மூக்கில் ஓர் இரும்புச் சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைச் செருகி "இது தெளிவா?" என்பார், அதை உருவிவிட்டு இன்னொன்றைச் செருகி "இல்ல, இது தெளிவா?" என்பார். வந்தவர்கள் நாலைந்து தடவை பார்த்துவிட்டு, களைத்துப்போய், ஏதோ ஒன்றைத் தெளிவு என்று சொல்லித் தப்பித்துப் போவார்கள். அவர் மனைவிக்கு அந்த வழியும் இல்லை. ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் அதே கேள்வியை அவள் காதிடம் கேட்கத் தொடங்கிவிடுவார்.

"இது எப்படியிருக்கு?"

"நல்லாருக்குங்க."

"இது?"

"இதுவும் நல்லாருக்கு."

"ரெண்டும் எப்படி நல்லாருக்கும்?"

"ரெண்டும் நல்லாருந்தா என்னங்க தப்பு?"

அவர் முதலிலிருந்து மறுபடி போட்டுக் காட்டுவார்.

மனைவி தையற்காரி. கூடத்து ஜன்னலை ஒட்டி அவளுடைய மெஷின் இருக்கிறது. வெளிச்சம் அங்கேதான் வரும். மெஷினுக்குக் கையெட்டும் தூரத்தில் இடது ஸ்பீக்கர், எதிர் மூலையில் வலது ஸ்பீக்கர். இரண்டும் ஆள் உயரம். சாதாரண ஸ்பீக்கரில் வட்டமாக ஒரு காகிதக் கூம்பு அதிருமே, அது இதில் கிடையாது. மேலிருந்து கீழ்வரை மடிப்பு மடிப்பாக ஓர் அலுமினிய ரிப்பன், தலைமுடியைவிட மெல்லியது; அதற்கு இரண்டு பக்கமும் முரட்டுக் காந்தம்; முன்னால் ஓட்டை ஓட்டையாய் ஓர் இரும்பு மூடி. பலமாகக் காற்றடித்தால் ரிப்பன் தொய்ந்துவிடுமாம். ஆகவே கூடத்தில் மின்விசிறி சுற்றக் கூடாது. தும்மல் வந்தவர்கள் வாசலுக்குப் போய்த் தும்மிவிட்டு வர வேண்டும். உட்கார ஒரே ஒரு நாற்காலி. அதன் கால்கள் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் நாலு துண்டு டேப். அந்த நாற்காலியில், அதுவும் தலையை நாலு விரல் அசைக்காமல் உட்கார்ந்திருந்தால்தான் சங்கீதம். அறையில் மற்ற எங்கே இருந்தாலும் வெறும் சத்தம். வீட்டில் சங்கீதம் யாருக்கு, சத்தம் யாருக்கு என்று நான் தனியாகச் சொல்ல வேண்டுமா?

இத்தனை நுணுக்கமான பெட்டிக்கு, பாட்டுக்குப் பலம் கொடுத்துத் தள்ளுகிற ஆம்ப்ளிஃபயர் எது பொருந்தும்? அதுதான் அவருடைய பிறவிப் பிரச்சினை. ரிப்பன் மின்சாரத்தை மடமடவென்று குடிக்கும். ஏனோதானோ ஆம்ப் என்றால் பாதிப் பாட்டில் மூச்சு வாங்கிவிடும். இதுவரை எத்தனை ஆம்ப் வந்து போயிருக்கும் என்பது அவருக்கும் மறந்துவிட்டது. ஒன்று 'குளிர்ச்சி', ஒன்று 'வெதுவெதுப்பு', ஒன்று 'மேலே மெலிஞ்சு கீழே ஊதியிருக்கு'. பக்கத்து அறையிலிருந்து கேட்டால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைப்பீர்கள். எந்த ஆம்ப் வந்தாலும் பரீட்சைக்கு ஒரே பாட்டுத்தான். பல்லவி முடிவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார். ஏழு வருஷமாக அந்தப் பாட்டு அந்த வீட்டில் ஓடுகிறது. அதன் சரணம் எப்படியிருக்கும் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

இனி ஊசி விஷயத்துக்கு வருகிறேன்.

தையற்காரி ஒரு நாள் கூடம் பெருக்கும்போது, தரையில் கிடந்த குண்டூசி ஒன்று தானாக எழுந்து பறந்துபோய் இடது ஸ்பீக்கரின் மூடியில் ஒட்டிக்கொண்டது. அவள் சற்று யோசித்தாள். அன்றிலிருந்து அந்த ஸ்பீக்கர்தான் அவளுக்கு ஊசி வைக்கிற இடம். பார்க்காமலே கையை நீட்டினால் ஊசி, கிட்டே கொண்டுபோய் விட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும், கீழே விழாது, காலில் குத்தாது. மணி ஆறானதும் எல்லாவற்றையும் வழித்தெடுத்து டப்பாவில் போட்டுவிடுவாள். பாடகி நாக்கை ஈரப்படுத்திக்கொள்வதுகூடத் தன் காதில் விழுகிறது என்கிற மனுஷருக்கு இரண்டு வருஷமாக இந்த விஷயம் தெரியவில்லை.

ஒரு நாள், அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு அவசர அவசரமாக வழித்தாள். சிவப்புக் கண்ணாடித் தலை வைத்த ஊசி ஒன்று, கூர் முனை முன்னால் போக, மூடியின் ஓட்டைக்குள் நழுவிவிட்டது. அவள் கவனிக்கவில்லை.

அன்று மாலை பாட்டைப் போட்டவர், பல்லவியின் இரண்டாவது அடியில் நெற்றியைச் சுருக்கினார்.

"இடது பக்கம் கரகரங்குது."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உனக்கெப்படித் தெரியும், நீ நாற்காலியில இல்லையே. ஆம்ப் தாங்கல. இது ரிப்பனுக்கு லாயக்கில்ல."

அந்த ஆம்ப் போயிற்று. வேறொன்று வந்தது. அதிலும் கரகரத்தது. அதுவும் போவதாக முடிவாயிற்று. பெட்டியைத் திறந்து பார்க்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நீங்கள் சாதாரண மனிதர். பொருத்தக்காரர் பெட்டியைச் சந்தேகிக்க மாட்டார். பெட்டியைத் தவிர உலகத்தில் உள்ள அத்தனையையும் சந்தேகிப்பார். அவருடைய சிநேகிதர் ஒருவர் உண்டு, கை மொத்தத்துக்குக் கம்பி வாங்கிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். கேபிள்காரர் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஆலோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். கூடத்து மின்சாரம் அழுக்காகிவிட்டது. அழுக்காக்குவது தையல் மெஷினின் மோட்டார்.

"நீங்க பாட்டுக் கேக்கும்போது மெஷின் ஓடலையே?" என்றாள் தையற்காரி.

"ஓடலன்னாலும் பிளக்கு சொருகியிருக்கில்ல?"

"பிடுங்கித்தான் வச்சிருக்கேன்."

"காலையிலருந்து ஓடினது ஒயருக்குள்ள தங்கியிருக்கும்."

ஒயருக்குள் தங்கியிருக்கிற அழுக்கை எந்தத் துணியால் துடைப்பது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு துணியைக் கடையில் பார்த்து வைத்திருப்பார்.

"ஞாயித்துக்கிழமை புது ஆம்ப் வருது. வால்வு ஆம்ப், பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி பல்பு வச்சது. ஆம்ப் கடைக்காரர் சொல்லிட்டார், மத்த ஆம்ப் மறைச்சதையெல்லாம் இது வெளிய கொண்டுவருமாம். இதுலயும் சரியா வரலன்னா, மெஷினை மாடிப்படிக்குக் கீழ போட்டுடலாம்."

"அங்க ஜன்னல் இல்லையேங்க."

"பல்பு போட்டுக்க."

தையற்காரி நர்சுகளுக்கு நாற்பது செட் சீருடை ஒத்துக்கொண்டிருந்தாள். கருநீலத் துணி, கருநீல நூல். பகல் வெளிச்சத்திலேயே கண்ணைச் சுருக்கிக்கொண்டு தைக்க வேண்டியது. பல்பு வெளிச்சத்தில் தையல் எது துணி எது என்று தெரியாது. இந்த நாற்பதைச் சரியாகத் தைத்துக் கொடுத்தால் வருஷா வருஷம் அவளுக்கே என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். படிக்குக் கீழே போனால் மெஷினோடு அந்த வேலையும் போன மாதிரிதான்.

சனிக்கிழமை, பட்டன் தைத்துக் கொடுக்க வந்திருந்த தங்கைதான் கண்டுபிடித்தாள். கீழே விழுந்த பட்டனைத் தேடி டார்ச் அடித்தவள், "அக்கா, இந்தப் பெட்டிக்குள்ள செவப்பா என்னமோ மினுக்குது" என்றாள்.

தையற்காரி குனிந்து பார்த்தாள். சிவப்புத் தலை ஊசி காந்தத்தில் ஒட்டிக்கொண்டு, முனையை மட்டும் ரிப்பன் மேல் மெல்லச் சாய்த்துக்கொண்டு நின்றது. இன்னொரு ஊசியால் நெம்பிப் பார்த்தாள். அந்த ஊசியும் உள்ளே போகப் பார்த்தது. விட்டுவிட்டாள்.

"மாமாகிட்ட சொல்லப்போறியா?"

"சொல்லித்தான் ஆகணும். திட்டினா திட்டட்டும். மெஷின் ஜன்னலண்ட இருந்தாப் போதும்."

நல்ல பெண்பிள்ளை, சொல்லத்தான் நினைத்தாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அவளைக் குறை சொல்லக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை வால்வு ஆம்ப் வந்தது. பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல ஒருவரும், பிணத்தைத் தூக்குவதுபோல ஒருவருமாகப் பொருத்தக்காரரும் கேபிள்காரரும் அதை உள்ளே கொண்டுவந்தார்கள். மெஷினின் மேல் மூடியைக் கழற்றி ஏற்கெனவே சுவரில் சாய்த்து வைத்தாயிற்று. படிக்குக் கீழே இடம் கூடப் பெருக்கியாயிற்று. அக்காளும் தங்கையும் சமையலறை வாசலில் நின்றார்கள்.

"என்னங்க, பாட்டு போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. அந்த இடது பெட்டியில..."

"இரு. வால்வு சூடாகட்டும்."

சூடாயிற்று.

"இல்லங்க, என்னோட ஊசி..."

"ஊசியா? ஊசி விழுந்தாக்கூடக் கேக்கப்போகுது பாரு. பேசாம இரு."

கேபிள்காரர் உதட்டில் விரலை வைத்துத் தையற்காரியிடம், "தங்கச்சி, இப்ப மூச்சுக்கூட விடக் கூடாது" என்றார்.

பாட்டு தொடங்கியது. பொருத்தக்காரர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடி விற்கிறவர்தான், ஆனால் கண்ணாடி போட்டுக்கொண்டால் காது மங்குகிறதாம். பல்லவியின் இரண்டாவது அடி வந்தது. அதே இடத்தில், அதே இடது பக்கத்தில், அதே கரகர. தையற்காரி மெஷினைப் பார்த்தாள். அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தாள்.

பொருத்தக்காரர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

"கேட்டீங்களா?" என்றார்.

"கேட்டேன்" என்றார் கேபிள்காரர்.

"தொண்டை. அந்தப் பொம்பளையோட தொண்டை. அந்த இடத்துல லேசா உடையுது பாருங்க. ஏழு வருஷமா இதை ஒரு ஆம்பும் எனக்குச் சரியாக் காட்டலையே."

"அழுதுக்கிட்டே பாடியிருக்கா சார்."

"அழுதுக்கிட்டேதான் பாடியிருக்கா."

தங்கை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டாள். போன மாதம் குறையாக இருந்த கரகரப்பு இந்த மாதம் எப்படி அழுகையாயிற்று என்று கேட்கிறீர்களா? போன மாத ஆம்ப் விலை குறைவு.

பல்லவி முடிந்தது. கை நிறுத்தப் போகவில்லை. சரணம் வந்தது; அதுவும் முடிந்து இன்னொரு சரணம் வந்தது. அப்படி ஒன்று இருக்கிறதென்றே தையற்காரிக்கு அன்றுதான் தெரியும். நன்றாகத்தான் இருந்தது.

"நீ என்னமோ சொல்ல வந்தியே?" என்றார் பாட்டு முடிந்ததும், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

தையற்காரி சுவரில் சாய்த்திருந்த மெஷின் மூடியைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"மெஷின் மூடியை மறுபடி மாட்டிக்கவான்னு கேக்க வந்தேன்."

"மாட்டிக்க, மாட்டிக்க. இந்த ஆம்ப் எந்த அழுக்கு மின்சாரத்தையும் ஜீரணிச்சிடும்."

சமையலறையில் தங்கை பிடித்துக்கொண்டாள். "பாவம்க்கா மாமா. சொல்லிடேன்."

"ரெண்டு தடவை வாயெடுத்தேன், கேட்டாரா? இப்பச் சொன்னா அடுத்த ஞாயிறு வேற ஆம்ப் வரும். நீ பட்டனைத் தை."

நாற்பது செட்டில் இருபத்தெட்டு முடிந்தது. தினமும் மாலையில் பாட்டு முழுசாக ஓடியது. பகலில் மெஷின் ஜன்னலோரம் ஓடியது. ஒருவரையொருவர் குறை சொல்லவில்லை. வீடு வீடாக இருந்தது. அப்படியே இருந்திருந்தால் அவர் பொருத்தக்காரரே இல்லை என்று நான் சொல்லியிருப்பேன். மூன்றாம் வாரம் அவர் நெற்றி மறுபடி சுருங்கியது.

"இடது பக்கம் உயிர் இருக்கு. வலது பக்கம் கொஞ்சம் மரத்த மாதிரி இல்ல? கடைக்காரர்கிட்ட இன்னொரு மாடல் இருக்காம்..."

மறுநாள் காலை அவர் கடைக்குப் போனதும், தையற்காரி ஊசி டப்பாவைத் திறந்தாள். சிவப்புத் தலை எடுத்தாள், வேண்டாமென்று வைத்துவிட்டாள், வெளியே தெரியாத கறுப்புத் தலை ஒன்றைப் பொறுக்கி எடுத்தாள். எதிர் மூலைக்குப் போய், வலது ஸ்பீக்கரில், இடது பக்கத்து உயரத்தைக் கண்ணாலேயே அளந்து, ஓட்டைக்குள் மெல்ல நழுவவிட்டாள். நாற்பது கழுத்துப்பட்டி அளவெடுத்த கண். ஒரு நூலும் பிசகவில்லை.

அன்று மாலை அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"பாத்தியா? வால்வு பழகறதுக்கு நூறு மணி நேரம் ஆகும்னு கடைக்காரர் சொன்னாரு. நான்தான் அவசரப்பட்டுட்டேன். இன்னிக்கு ரெண்டு பக்கமும் சரியாச் சேந்துடுச்சு."

"ஆமாங்க," என்றாள் அவள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. "பழகிடுச்சு."

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் ரிப்பன் ஸ்பீக்கர் கிடையாது, ஆம்ப் கிடையாது, இது வேறு யாரோ ஒருவரைப் பற்றிய சமாசாரம் என்று தைரியமாக இருக்கிறீர்கள். இருங்கள். ஆனால் நீங்கள் தேடித்தேடிப் பொறுக்கியெடுத்து, ஊருக்கெல்லாம் பெருமையாகக் காட்டுகிற பொருள் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கிறது. அதைப்பற்றி முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசிய வீட்டுக்காரர்கள், கொஞ்ச நாளாக ஒன்றுமே சொல்வதில்லை, நீங்கள் எது சொன்னாலும் "ஆமாங்க" என்கிறார்கள், இல்லையா? ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் உள்ளே பாருங்கள்.

அல்லது பார்க்காதீர்கள். அவர்களுக்கு இன்னும் பன்னிரண்டு செட் பாக்கியிருக்கலாம்.