மாஸ்க் போட்ட டாக்டரம்மா

பரிசோதனை அறைக் கதவைத் திறந்த வான்மதி, உள்ளே உட்கார்ந்திருந்த வசந்தாமணி ஆன்ட்டியைப் பார்த்ததும் மாஸ்க்கைக் கண் வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷன் தமிழ்ச் சங்கத்தில் வான்மதிதான் டாக்டரம்மா. படிப்பதென்னவோ மருந்து எழுதித் தரக்கூடிய மேல்நிலை நர்ஸ் படிப்புதான்; டாக்டரம்மா ஆனதெல்லாம் புருஷன் தீபக் செய்த புண்ணியம். "நர்ஸ் ப்ராக்டிஷனர்னா யாருக்குப் புரியும்? நீ டாக்டருக்குப் படிக்கிறேன்னு சொல்லிட்டேன், விடு" என்றான். இவளும் விட்டாள். பொங்கல் விழா மேடையில் பொன்னாடை போர்த்தியபோதுகூட வாயைத் திறக்கவில்லை. நினைத்தால் இப்போதும் உடம்பு கூசும். யார் கண்ணிலும் பட வேண்டாம் என்றுதான், நம்மவர்கள் எட்டிப் பார்க்காத இந்த கிளினிக்குக்கு அவ்வளவு தூரம் டிரைவ் பண்ணிப் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தாள். இங்கேயும் ஆன்ட்டியா! சங்கத்து வாட்ஸ்ஆப் குழுவில் காலையில் வெந்தயத் தண்ணீரின் மகிமையும், சாயங்காலம் ஊர் வம்பும் அனுப்புகிற மகராசி ஆயிற்றே!

பின்னாலேயே லிண்டா வந்தாள். வான்மதிக்குப் பயிற்சி கொடுப்பவள். இன்றைக்குக் கடைசி மதிப்பீடு; அவள் பாஸ் என்றால்தான் பட்டம்.

"இவங்க தமிழ் பேசறவங்களாம். உனக்குத் தமிழ் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நோ."

மார்பில் 'வான்மதி' என்ற பெயர் அட்டை ஆடிக்கொண்டிருந்தது. சட்டென்று திருப்பிவிட்டாள்.

வேறு வழியில்லாமல் லிண்டா போனில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தாள்.

"தாங்கள் மாத்திரைகளைத் தவறாது உட்கொள்கிறீர்களா?" என்றது போன்.

"தவறாம முழுங்கறனுங்க" என்றார் ஆன்ட்டி. போன் அதை ஆங்கிலத்தில் சொன்னதோடு லைன் கட்டாகிவிட்டது.

"மாத்திரை சாப்பிட்டும் சுகர் இவ்வளவு ஏறியிருக்கே! இன்சுலின் ஆரம்பிக்கலாமா? நீ சொல்லு" என்றாள் லிண்டா.

இன்சுலின் என்றதும் ஆன்ட்டிக்கு வியர்த்துவிட்டது. "அய்யோ சாமி, ஊசியா? மாத்திரையத் தொட்டே எத்தன நாளாச்சு! இத எப்படி இவகிட்டச் சொல்றது?" என்று தனக்குத்தானே முனகினார்.

பேசாமல் இருந்தால் மானம் தப்பிக்கும். ஆனால் இந்த மனுஷிக்குத் தேவையில்லாத ஊசி ஏறும்.

"வேண்டாம். அவங்க மாத்திரையே சாப்பிடறதில்ல."

"அது உனக்கெப்படித் தெரியும்?"

வான்மதி மாஸ்க்கைக் கழற்றினாள். காது மடல் வரைக்கும் எரிந்தது. "எனக்குத் தமிழ் தெரியும். இவங்களையும் தெரியும். பொய் சொல்லிட்டேன்."

லிண்டா அவளை முறைத்தாள். "பொய்யைப் பத்தி அப்புறம் தனியாப் பேசணும். ஊசியைத் தடுத்ததுக்கு பாஸ்" என்று சொல்லிவிட்டு, மாத்திரைச் சீட்டு எழுதப் போனாள்.

வான்மதி தலையைத் தூக்கவே இல்லை. "ஆன்ட்டி, நான் டாக்டர் இல்ல. நர்ஸ் ப்ராக்டிஷனருக்குத்தான் படிக்கிறேன். ரொம்ப அசிங்கமா இருக்கு. வர ஞாயித்துக்கிழமை சங்கத்துல எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லிடறேன்."

ஆன்ட்டி பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங் கண்ணு, நீ டாக்டராவே இருந்துட்டுப் போ! வெந்தயத் தண்ணி குடிச்சே சுகர வெரட்டிப்போட்டேன்னு, அதே மேடையில எனக்கும்ல பொன்னாடை போத்துனாங்க!"