சிவப்பு பீரோ, நீல பீரோ

ஒரு மனிதனை முழுமையாக அறிந்தவர் யார் என்று கேட்டால் சிலர் கடவுள் என்பார்கள். சிலர் மனைவி என்பார்கள். அனுபவசாலிகள் பக்கத்து வீட்டுக்காரர் என்பார்கள். மூவர் சொல்வதும் தவறு. அவனுக்கு வீடு காட்டிய தரகர்தான் அவனை முழுமையாக அறிந்தவர். அதிலும் அந்தத் தரகர் 'ஃபைல் சார்' என்றால், கடவுளும் ஒரு முறை மாடியேறி வந்து தன் கணக்கைச் சரிபார்த்துக்கொள்வது உத்தமம்.

தரகர் என்றால் ஃபைல் சாருக்குப் பிடிக்காது. 'சொத்து ஆலோசகர்' என்றுதான் பலகையில் இருந்தது. சலவைக் கடைக்கு மேலே, இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பிப் போக வேண்டிய குறுகலான படிக்கட்டு. மேலே ஒரே அறை. அதில் இரண்டு இரும்பு பீரோக்கள். விற்பவர்களுக்குச் சிவப்பு, வாங்குபவர்களுக்கு நீலம்.

மற்ற தரகர்கள் வாடிக்கையாளரின் பெயரையும் போன் நம்பரையும் குறித்துக்கொண்டு திருப்தி அடைந்துவிடும் அற்பப் பிறவிகள். ஃபைல் சார் அப்படியல்ல. சமையலறையைப் பார்த்த மனைவி 'ம்' என்றாரா, 'ம்ம்' என்றாரா என்பதுவரை எழுதுவார். முன்னது பேரம். பின்னது நிராகரிப்பு. ஒருமுறை ஒருவர் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அது குழாயைப் பற்றியதா, வாழ்க்கையைப் பற்றியதா என்று மறுநாள் ஃபைல் சார் போன் போட்டுக் கேட்டார். அவர் வேறு தரகரிடம் போய்விட்டார். 'வாடிக்கையாளர் விலகினார். காரணம் தெளிவில்லை' என்று எழுதி முடித்துவிட்டுத்தான் ஃபைல் சார் சாப்பிட உட்கார்ந்தார்.

இப்படிப்பட்ட தவத்தை, அவருக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளி மதிக்கவில்லை.

"வருஷம் பூரா எழுதறீங்க. எத்தனை வீடு வித்தீங்க?"

"விற்பனைங்கறது பழம், முதலாளி. பதிவுதான் வேர்."

"நல்லது. இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு பழமாவது விழலேன்னா, வேரை பீரோவோட பழைய பேப்பர் கடைக்குப் போட்டுடுவேன்."

வேலை போனால்கூட ஃபைல் சார் தாங்கியிருப்பார். பீரோ போவதா? மனித குலத்தின் பெருமூச்சுகளைக் கிலோ கணக்கில் நிறுப்பதா? அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதையும் குறித்துக்கொண்டார்.

அந்த அறையின் புனித விதி ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். விற்பவரின் ரகசியம் வாங்குபவரின் காதில் விழக் கூடாது. அதனால் காலையில் சிவப்பு பீரோ மட்டுமே திறக்கப்படும், மாலையில் நீலம் மட்டும். கோப்புகளில் பெயர் கிடையாது, எண்தான். காலையில் அறிந்ததை மாலையில் அறியாதவராக இருப்பதே தொழில் தர்மம் என்பது ஃபைல் சாரின் கொள்கை. நாளடைவில் அவர் பயிற்சி முற்றி, காலையில் அறிந்ததை உண்மையிலேயே மாலையில் அறியாதவராகிவிட்டார்.

ஒரு காலையில் ஒரு வங்கி குமாஸ்தா வந்தார். வீட்டை விற்க வேண்டும் என்றார். ஃபைல் சார் கேட்கக் கேட்க, மடை திறந்த மாதிரி கொட்டினார். சிவப்புக் கோப்பு இப்படி எழுந்தது: 'விற்கும் காரணம்: நெருப்புக்கோழிப் பண்ணை. மனைவி: பல் வைத்தியர். வீட்டில் பாதி மனைவியின் பெயரில். விற்பது மனைவிக்குத் தெரியுமா: தெரியாது. மனைவியின் கையெழுத்து: இன்ஷூரன்ஸ் காகிதங்களுக்கு நடுவே செருகி வாங்கிவிடுவதாக உறுதி.'

"இவ்வளவு மனசு விட்டுப் பேசற வாடிக்கையாளர் ஆயிரத்துல ஒருத்தர், சார்" என்று ஃபைல் சார் நெகிழ்ந்தார்.

மறுநாள் மனைவி வேலைக்குப் போன நேரத்தில் வீட்டையும் அளந்துவிட்டு வந்தார். ஆணிகள்கூடப் பதிவாயின. 'ஹால் சுவரில் கல்யாண போட்டோ. மரச் சட்டம். ஆணி உறுதி.' சட்டத்துக்குள்ளே இருந்த முகங்கள் விற்பனைக்கு இல்லாததால் அவற்றைப் பார்க்கவில்லை.

அதே வாரம், ஒரு மாலையில், ஒரு டாக்டரம்மா படியேறி வந்தார். நீல பீரோ திறந்தது.

"யாருக்கு வீடு, மேடம்?"

"எங்கம்மாவுக்கு. அப்பா போனதுலேருந்து தனியா இருக்காங்க. எங்க வீட்டுக்குப் பக்கத்துல, மாடிப்படி இல்லாத வீடா இருந்தா நல்லது."

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"முடிச்சிட்டுச் சொல்லிக்கலாம்னு இருக்கேன். முன்னாடியே சொன்னா, அந்தப் பணத்துல கோழி வாங்கலாம்பார்."

"கோழின்னா, எந்த மாதிரி?"

"பெரிய மாதிரி."

'கணவர்: கோழிப் பிரியர்' என்று எழுதிக்கொண்டார் ஃபைல் சார். தொழில் என்ன என்று கேட்டார். பல் வைத்தியர் என்றார் டாக்டரம்மா. ஏதோ ஒரு பொறி மூளையில் தட்டியது. உடனே ஓரத்தில் குறித்தார்: 'நகரில் பல் வைத்தியர்கள் பெருகி வருகிறார்கள். வாய்ப்பு பிரகாசம்.'

பிறகு, இரண்டு பீரோவுக்கும் பொதுவாக மேஜையில் கிடக்கும் அளவுப் பட்டியலில் தேவைகளைப் பொருத்திப் பார்த்தார். டாக்டரம்மா கேட்ட அத்தனையும் ஒரே ஒரு வீட்டில் இருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் பொருந்தியது. இப்படிப் பொருந்தி அவர் பார்த்ததே இல்லை. குமாஸ்தாவுக்கு போன் போட்டு, "ஆள் கெடைச்சாச்சு சார். உங்க வீட்டுக்குன்னே பொறந்தவங்க மாதிரி இருக்காங்க" என்றார்.

வாடிக்கையாளரிடம் முகவரியை முன்கூட்டிச் சொல்வது தரகுத் தொழிலில் தற்கொலைக்குச் சமம். நேரே வீட்டுக்காரரிடம் போய்விடுவார்கள். தரகர் கறிவேப்பிலை ஆகிவிடுவார். ஆகவே ஃபைல் சார் மறுநாள் மாலை டாக்டரம்மாவைக் காரில் ஏற்றி, வழி தெரியாதபடி நாலு சந்து சுற்றிக் கூட்டிப் போனார்.

"இது எங்க தெருவாச்சே" என்றார் டாக்டரம்மா.

"ரொம்ப நல்லதாப் போச்சு. அம்மா கூப்பிடு தூரம்."

கார் நின்றது. டாக்டரம்மா கேட்டைப் பார்த்தார். கேட்டுக்கு உள்ளே கட்டியிருந்த துணிக் கொடியைப் பார்த்தார். கொடியில் தான் காலையில் காயப்போட்ட துண்டைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

'மௌனம்: திருப்தியின் அறிகுறி' என்று எழுதினார் ஃபைல் சார்.

"பெல் அடிங்க" என்றார் டாக்டரம்மா.

குமாஸ்தா இஸ்திரி போட்ட சட்டையில், வாயெல்லாம் பல்லாகக் கதவைத் திறந்தார். அத்தனை பல்லும் அப்படியே நின்றுவிட்டன.

"கிளினிக் இல்லையா இன்னிக்கு?"

"லீவு போட்டேன். வீடு பாக்க வந்தேன்."

"ரெண்டு பேருக்கும் முன்னாடியே பழக்கமா?" என்று ஃபைல் சார் மகிழ்ந்தார்.

"கொஞ்சம்" என்றார் டாக்டரம்மா.

'முன் அறிமுகம்: சிறிதளவு.'

வீட்டைச் சுற்றிக் காட்டுவதில் ஃபைல் சாருக்கு நிகர் ஃபைல் சார்தான். "இது பெரிய பெட்ரூம், மேடம். வீட்டுக்காரர் குறட்டை விடுவார், மறைக்க விரும்பல. ஆனா சுவர் தடிமன். வெளியே கேக்காது."

"உள்ளே கேக்கும்" என்றார் டாக்டரம்மா.

"நீங்க அவரோடயா தங்கப் போறீங்க, மேடம்? கவலைப்படாதீங்க." ஃபைல் சார் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார். குமாஸ்தா சிரிக்கவில்லை.

"நல்ல வீடுதான். ஏன் விக்கறாங்க?"

"அதெல்லாம் எதுக்கு இப்போ" என்றார் குமாஸ்தா, சுவரைப் பார்த்து.

"காரணம் தெரியாம நான் அட்வான்ஸ் குடுக்க மாட்டேன்."

ஃபைல் சார் தராசில் நின்றார். ஒரு தட்டில் தொழில் தர்மம். மறு தட்டில் பழைய பேப்பர் கடை. சரித்திரத்தில் முதல் முறையாக, ஒரு சிவப்புக் கோப்பு மாலையில் திறக்கப்பட்டது.

"சார், வேண்டாம் சார்."

"வெளிப்படையா இருந்தா வியாபாரம் முடியும், சார். நம்புங்க." கம்பீரமான குரலில் வாசித்தார். நெருப்புக்கோழி. மனைவி. பாதி வீடு. தெரியாது.

சொத்தைப் பல்லின் ஆழம் பார்ப்பவர்போல டாக்டரம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்ஷூரன்ஸ் வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நேத்து ஒரு கட்டு நீட்டினீங்களே. கண்ணாடி இல்ல, அப்புறம் பாக்கறேன்னு வெச்சேனே. அதா?"

குமாஸ்தா மின்விசிறியில் ஏதோ பழுது இருப்பதைக் கண்டுபிடித்து, அதையே பார்த்தார்.

"நேத்தே நீட்டிட்டாரா? எனக்குத் தகவல் வரலையே" என்று ஃபைல் சார் பேனாவை எடுத்தார். பாதி எழுதியவர் நின்றார். "மேடம், உங்ககிட்ட ஏன் நீட்டினார்?"

டாக்டரம்மா பதில் சொல்லாமல் சுவரைக் காட்டினார். ஃபைல் சார் முதல் முறையாகச் சட்டத்துக்குள்ளே பார்த்தார்.

பிறகு டாக்டரம்மா உள்ளே போய் அந்தக் காகிதக் கட்டை எடுத்து வந்தார். நின்ற இடத்திலேயே நாலாகக் கிழித்தார்.

"நாளைக்கு எங்கம்மா வர்றாங்க. இந்தப் பெரிய ரூம்ல இருப்பாங்க."

"அப்போ நான்?" என்றார் குமாஸ்தா.

"இவர்கிட்ட சொல்லுங்க. வாடகைக்கும் பாத்துக் குடுப்பார்."

ஃபைல் சார் முகத்தில் வெளிச்சம் வந்தது. புதுப் படிவம் ஒன்றை உருவினார். "எத்தனை ரூம் வேணும் சார்? கோழியோடவா, கோழி இல்லாமலா?"

"அதைக் கொஞ்சம் கீழ வைங்க" என்றார் டாக்டரம்மா. "இவர் என்னை ஏமாத்தப் போறார்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"தேதி போட்டிருக்கேன், மேடம்."

"தெரிஞ்சும் பேசாம இருந்தீங்க."

"மணியும் போட்டிருக்கேன்."

"அந்தப் பொண்டாட்டி யாரு, அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லலாமேன்னு தோணலையா?"

"அவங்க நம்ம வாடிக்கையாளர் இல்லையே, மேடம். காலையில."

டாக்டரம்மா அவரையே பார்த்தார். பிறகு பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குப் பல் தேய்க்கச் சொல்லிக் கொடுக்கும் குரலில், "சரி, இதையும் எழுதிக்கங்க" என்றார். "ஒரு வீட்டைத் திருட ரெண்டு பேர் வேணும். ஒருத்தன் திருடுவான். இன்னொருத்தன் எல்லாம் தெரிஞ்சும், கை கட்டி உக்காந்து, அதை முத்து முத்தா எழுதி வெச்சுப்பான். ரெண்டாவது ஆள் இல்லாம முதல் ஆளுக்குத் தைரியமே வராது."

ஃபைல் சாரின் பேனா பறந்தது. அன்று விழுந்த மாதிரி அவர் கையெழுத்து என்றுமே அழகாக விழுந்ததில்லை. பாதியில் பணிவோடு தலை நிமிர்ந்தார்.

"கொஞ்சம் மெதுவா, மேடம். 'எல்லாம் தெரிஞ்சும்'... அதுக்கப்புறம்?"