பர்வே வீட்டு டீ

தூக்குவாளியைத் திறந்த மோரேஷ்வர் பர்வே, மூன்றாவது நாளாக அதை உடனே மூடினார்.

"இன்னைக்கும் திரிஞ்சாச்சா?" என்றாள் மனைவி சுலபா, அடுப்படியிலிருந்து.

"வெயில் கொஞ்சம் அதிகம். கொள்கையில தப்பில்லை."

"கொள்கையில டீ போட முடியாதுங்க."

பர்வே டெலிபோன் இலாகாவில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்து, பாதிப் புனேயைக் காத்திருக்க வைத்து ஓய்வு பெற்றவர். இப்போது பன்னிரண்டு வீடுகள் கொண்ட 'நந்தாதீப்' குடியிருப்புக்குத் தலைவர். வருஷப் பிறப்பான பாட்வா அன்று, "இந்தக் கட்டடத்துக்குள் இனி ஒரு பிளாஸ்டிக் பால் பாக்கெட்கூட நுழையாது" என்று தீர்மானம் போட்டுவிட்டார். எதிர்த்துக் கை தூக்க யாருக்கும் துணிவில்லை. தூக்கினால் அவர் விளக்கம் சொல்லுவார்.

ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்த பால்காரி ஹௌசாபாயின் கொட்டகையில் கறந்த பால், ஸ்கூட்டரில் தொங்கி, ஏப்ரல் வெயிலில் குலுங்கி வந்து சேர்வதற்குள் வேறு பொருளாகிவிட்டது.

அடுத்து கண்ணாடி பாட்டில் வந்தது. காய்ச்சிய பாலை ஆறுவதற்கு முன்பே அதில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தார்கள். பாட்டில் விரிசல் விட்டது. இரண்டாம் மாடி பிடேயின் கையில் ஒன்று உடைந்து, காலில் நாலு தையல். பர்வே ஆரஞ்சுப் பழத்தோடு போய்ப் பார்த்தார். துணிப்பையில்தான் கொண்டுபோனார்.

"பாலைக் கொண்டு வர்றதுலதான் கோளாறு. பால் சுரக்குற இடத்தையே இங்க கொண்டு வந்துட்டா?"

சுலபா கரண்டியைக் கீழே வைத்தாள். "எருமையையா?"

"எருமையை விட நல்ல பாத்திரம் எது? மூடி வேண்டாம், கரண்ட் வேண்டாம், பால் உள்ளேயே பத்திரமா இருக்கும்."

ஹௌசாபாய் விதவை. சாலையை அகலப்படுத்த அவளுடைய கொட்டகையை இடிக்க நோட்டீஸ் வந்திருந்தது. மைனா என்கிற அந்த ஒரே எருமைதான் அவளுக்குச் சோறு, துணி, வீட்டு வாடகை எல்லாம்.

"இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் கதை முடிஞ்சுது, சாஹேப்."

"இனி மைனா என் பொறுப்பு," என்றார் பர்வே, நெஞ்சில் கை வைத்து. அந்தக் கையை எடுக்கச் சற்று நேரமாயிற்று.

பிடேயின் கார் தெருவுக்குப் போனது. அந்த இடத்துக்கு மைனா வந்தாள். வீட்டுக்கு முக்கால் லிட்டர் என்று பங்கு. குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு அது எந்த மூலைக்கு என்று பர்வே கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்பது அவருக்குத் தெரியும்.

தினம் காலை ஏழு மணிக்கு எல்லா வீட்டுக் குப்பைத் தொட்டியையும் குச்சியால் கிளறிப் பார்த்தார். முதல் வாரம் ஒரு பாக்கெட் அகப்பட்டது. அதை வீட்டு எண்ணோடு அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார். அன்றிலிருந்து ஒரு தொட்டியிலும் பாக்கெட் இல்லை. மனித குலம் ஒரு குண்டூசியில் திருந்திவிட்டது என்று நம்பினார்.

மழைக்காலம் முடிவதற்குள் பால் பாதியானது.

"தீனி போதலை," என்றார் பர்வே. ஒவ்வொரு வீடும் காய்கறித் தோலைத் தானே கொண்டுவந்து மைனாவின் தொட்டியில் கொட்ட வேண்டும் என்று உத்தரவு பிறந்தது.

இந்த உத்தரவுக்குக் கிடைத்த வரவேற்பு அவரையே திகைக்க வைத்தது. சுதந்திர தினத்தன்று கொடியேற்றக்கூட இறங்கி வராத நாலாம் மாடிக்காரர்கள், ஆறே முக்காலுக்கே வாளியோடு இறங்கி, கொட்டிவிட்டு, திரும்பிப் பாராமல் ஏறினார்கள்.

"பார்த்தியா, இதுதான் சமூகம்!"

"பார்த்தேங்க," என்றாள் சுலபா, தன் காலி வாளியைக் கழுவியபடி.

பத்தே நாளில் பர்வே வீட்டுப் பால் பழையபடி நிறைந்தது. மாடியில் நின்றபடி, டீக் கோப்பையை உயர்த்திப் பிடித்து, "ஹௌசாபாய், இன்னைக்குப் பிரமாதம்!" என்று தினம் குரல் கொடுத்தார். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று நினைத்தார்.

ஒரு நாள் அவள் வாசலில் வந்து நின்றாள். "சாஹேப், மைனா அசை போட மாட்டேங்குது. வயிறு கல்லு மாதிரி இருக்கு. டாக்டரைக் கூப்பிடுங்க."

"டாக்டரா? இந்த ஆடையைப் பாரு. நோய் வந்த எருமை இப்படிப் பால் குடுக்குமா?"

"அது வந்து, சாஹேப், பாலு..."

"ஹௌசாபாய்!" சுலபா அவசரமாகக் குறுக்கிட்டாள். "தூக்கை வெச்சுட்டு நீ கிளம்பு."

படியிறங்கும்போது கூடவே போய்க் கிசுகிசுத்தாள்: "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. தெரிஞ்சா மனுஷன் இன்னொரு எருமையைக் கூட்டிட்டு வந்துடுவாரு."

பர்வே இன்னும் தீனி போடச் சொன்னார். தசராவுக்கு வண்டிகளுக்கெல்லாம் சாமந்தி மாலை போட்டபோது, பார்க்கிங்கில் நின்ற காரணத்தால் மைனாவுக்கும் ஒன்று விழுந்தது. அவள் அதைத் தின்னக்கூட இல்லை.

தீபாவளியின் முதல் நாள் வசுபாரஸ், பசுவையும் கன்றையும் கும்பிடும் நாள். பசு இல்லாத குறைக்கு எருமை என்று பர்வே ஏற்பாடு செய்திருந்தார். பன்னிரண்டு வீட்டாரும் ஆரத்தித் தட்டோடு இறங்கி வந்தார்கள். மைனா படுத்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. சற்று நேரத்தில் மூச்சும் நின்றது.

கால்நடை டாக்டர் வந்து வயிற்றைக் கிழித்தார். அவருடைய உதவியாள் முழங்கை வரை கையை விட்டு, கயிறு போல் திரிந்த ஒன்றை இழுத்தான். இழுத்துக்கொண்டே இருந்தான். வாளித் தண்ணீரில் அலசியதும் அது பிரிந்தது. நீல எழுத்து, பச்சை எழுத்து, அரை லிட்டர், ஒரு லிட்டர். எல்லாம் பால் பாக்கெட்.

"பதினெட்டு கிலோ தேறும்," என்றார் டாக்டர். "மாசக்கணக்கா உள்ள போயிருக்கு. முன்னாடியே கூப்பிட்டிருந்தா கிழிச்சு எடுத்துக் காப்பாத்தியிருக்கலாம்."

ஆரத்தித் தட்டுகளில் விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன.

"யார் வேலை இது?" பர்வே கத்தினார்.

பிடேதான் வாயைத் திறந்தார். "உங்க குச்சிக்குத் தப்பி வேற எங்க சார் போடுறது? பூசணித் தோலுக்குள்ள சுருட்டி... எங்க வீட்டுது கொஞ்சம்தான். ஹௌசாபாய் பொறுக்கி எடுத்துடுவான்னு நினைச்சோம்."

"எங்களுதும் கொஞ்சம்தான்," என்றது நாலாம் மாடி.

"கொலைகாரங்க! துரோகிங்க!" பர்வேயின் குரல் கட்டடத்தில் மோதித் திரும்பியது. "இந்தக் கட்டடத்துல யோக்கியன் நான் ஒருத்தன்தான். பாட்வாவிலிருந்து ஒரு பாக்கெட் என் வீட்டு வாசப்படி மிதிச்சிருக்குமா? இவ பாலைத் தவிர வேற பால் தொட்டிருப்பேனா? இன்னைக்குக் காலையில குடிச்ச டீ வரைக்கும்!"

சுலபா தட்டிலிருந்த விளக்கை ஊதி அணைத்தாள்.

மைனாவின் தலையை மடியில் வைத்திருந்த ஹௌசாபாய் நிமிர்ந்து பார்த்தாள்.

"இது வத்திப்போய் ஒன்றரை மாசம் ஆச்சு, சாஹேப்."