ராயா முடியட்டும்

நல்லது எது என்று உண்மையிலேயே அறிந்த ஒருவர் அதைச் செய்யாமல் இருக்க முடியுமா? முடியவே முடியாது என்று சாதித்த ஞானிகள் இருந்திருக்கிறார்கள். அறிவு வந்தால் செயல் தானே வரும் என்பது அவர்கள் கட்சி. பாவம், அவர்களில் ஒருவரும் பினாங்குக்கு வந்ததில்லை. சூலியா தெருவில், நாணயமாற்றுக் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் அலுவலகத்தின் மரப்படிகளில் ஏறி வந்து மோகனராஜை ஒரு வாரம் கவனித்திருந்தால், தங்கள் நூலைக் கிழித்துப் போட்டுவிட்டு ஊர் திரும்பியிருப்பார்கள்.

மோகனராஜ் தனி மனிதரல்லர், ஓர் இனம். புதுப்பிப்பு அறிவிப்பாளர் என்று அதற்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். உலகத்தின் எந்த மூலையில் எந்த மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்தாலும், அதை எழுதியவர் நாற்காலியிலிருந்து எழுவதற்குள் இவருக்குச் செய்தி எட்டிவிடும், எட்டியதும் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் மூன்று சிவப்பு விளக்குகளோடு "மிக முக்கியம்! அனைவரும் உடனே!" என்று விழும், பிறகு அதே செய்தி அவருடைய பள்ளித்தோழர் குழுவிலும், கோயில் நிர்வாகக் குழுவிலும், தாமான் குடியிருப்பின் ரோந்துக் குழுவிலும் விழும். கோயில் நிர்வாகத்துக்கு அது எதற்கு? கேட்கக் கூடாது. அறிவிப்பதுதான் அவர் கடமை. படிப்பது கடமையல்ல. நிறுவுவதோ, அவரைப் பொறுத்தவரை, மற்றவர்களுக்கு விதிக்கப்பட்டது.

எங்கள் நிறுவனம் சிறியது. கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கணினி வலையமைப்புப் போட்டுக் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறது. மோகனராஜ் பதினோரு ஆண்டுகளாக அதன் மேற்பார்வையாளர். அவர் மேசைக்குப் பக்கத்தில் 'ஆய்வு மெஷின்' என்று ஒரு கணினி இருக்கிறது. வாடிக்கையாளரின் தரவை அதில் மட்டும்தான் திறக்கலாம் என்பது விதி. அதில் எதையும் மாற்றுவதற்கான கடவுச்சொல் மோகனராஜின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது என்பது நடைமுறை. அதில் ஓடுவது ஒரு திறந்தமூல மென்பொருள். கம்பியில் போகும் வரும் தரவைப் பிடித்துவைத்த கோப்பைத் திறந்தால், எந்த இயந்திரம் எதனோடு என்ன பேசியது என்று வரிவரியாகக் காட்டும். முகம் தெரியாத பலர் பைசா வாங்காமல் எழுதியது. இன்றும் உட்கார்ந்து பழுது பார்த்துக்கொண்டே இருப்பது. அப்படி அவர்கள் பழுது பார்த்துத் தரும் பராமரிப்புப் பதிப்புகளில் பகட்டு எதுவும் இராது. இன்னின்ன பிழைகள் இருந்தன, திருத்திவிட்டோம் என்று ஒரு பட்டியல் இருக்கும், அவ்வளவுதான். தன் தவறுகளை எண்ணிட்டு ஊரறியச் சொல்லும் எழுத்து உலகில் வேறு எங்கே இருக்கிறது? நான் எதையும் எளிதில் பாராட்டுகிறவனல்லன். அந்தப் பட்டியல்களைப் பாராட்டுவேன்.

மோகனராஜ் அவற்றை அறிவிப்பதோடு சரி. ஆய்வு மெஷினில் நான்கு ஆண்டுப் பழைய பதிப்பு சுகமாகக் குடியிருந்தது.

காரணம் கேட்டால் அவருக்குப் பின்னால் சுவரில் தொங்கும் மூன்று நாட்காட்டிகளைப் பாருங்கள். ஒன்று புக்கிட் மெர்தாஜாம் மளிகைக்கடை கொடுத்த தினசரித் தாள். ஒன்று குதிரைப் பந்தய நாள் அச்சிட்ட சீன நாட்காட்டி. ஒன்று காப்புறுதி முகவர் தந்தது, பள்ளி விடுமுறையோடு. இந்த மூன்றையும் ஒருங்கே மதிக்கும் ஒரே மனிதர் இந்தத் தீவில் அவர்தான். திங்கட்கிழமை வாரத் தொடக்கம், கை வைக்கக் கூடாது, செவ்வாய் ஆகாது, வியாழன் மதியம் ராகு காலம், காலையில் கூட்டம், வெள்ளிக்கிழமை கை வைத்து ஏதாவது நின்றுபோனால் சனி ஞாயிறு யார் வந்து பார்ப்பது? மிஞ்சிய புதனில் அஷ்டமியோ மாதக் கடைசியோ வந்து உட்கார்ந்துகொள்ளும். வாரத்தைத் தாண்டிவிட்டாலும் தைப்பூசம் இருக்கிறது, சீனப் பெருநாள் இருக்கிறது, நோன்பு, அது முடிந்து வரும் ராயாப் பெருநாள், ஆடி, பிறகு சீனர்களின் பேய் மாதம்.

"பேய் மாசம் சீனவங்களுக்குத்தானே அண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கம்ப்யூட்டர் எங்க செஞ்சது? சீனாவுலதானே லா!"

இதற்கு மேல் என்ன வாதம் இருக்கிறது?

எண்களிலும் அவருக்கு இதே பக்தி. வாடிக்கையாளர் இடத்தில் அவர் கைப்பட மாட்டும் எந்த இயந்திரத்துக்கும் வலையமைப்பு முகவரியின் கடைசி எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். ஒன்பது அவருடைய ராசி எண். இது யாருக்கும் கெடுதல் செய்யாத பழக்கம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

இப்படிப்பட்டவரின் கீழ் வந்து சேர்ந்தாள் ஷாஹிரா. வேலைக்குப் புதியவள், ஆறு மாதத் தகுதிகாண் காலம். அது முடியும் நாளில் மோகனராஜ் 'நிரந்தரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவளை நம்பி வீட்டில் ஒரு தாய், படிக்கிற தம்பி. அந்த நாள், ராயாவுக்கு ஒரு வாரம் முன்பு, செவ்வாய்க்கிழமை.

அந்தச் செவ்வாய்க்குப் பத்து நாள் முன்பு சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையிலிருந்து புகார் வந்தது. பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சு இயந்திரம் தினமும் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஊமையாகிவிடுகிறது. கால் மணி நேரம் கழித்துத் தானே பேசுகிறது. ஷாஹிரா போய் அந்தக் கால் மணி நேரத்துத் தரவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆய்வு மெஷினில் கோப்பைத் திறந்தால் மென்பொருள் பட்டென்று மூடிக்கொண்டது. மூன்று முறை திறந்தாள். மூன்று முறையும் மூடிக்கொண்டது.

மோகனராஜ் எட்டிப் பார்த்தார். தீர்ப்புச் சொல்ல அவருக்கு ஒரு நொடி போதும். "ஃபைல் கெட்டுப் போச்சு. நீ பிடிச்ச விதம் சாலா."

தவறு என்பதை மலாயில் சொன்னால் அவருக்கு அது சட்டமாகிவிடும்.

"இல்லண்ணே. முந்தாநேத்து குரூப்புல புதுப் பதிப்பு ஒண்ணு போட்டீங்களே..."

"ஆமா. முக்கியமானது. எல்லாரும் போடணும்."

"அத இந்த மெஷின்ல போட்டா இது திறந்துரும் அண்ணே. இப்படி மூடிக்கிறத சரி பண்ணிட்டதா பதினோராவது வரியில எழுதியிருக்கு."

"எதுல பதினோராவது வரி?"

"நீங்க அனுப்புனதுலதான், அண்ணே."

மோகனராஜ் அவளைப் பார்த்த பார்வை, தபால்காரரிடம் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் அவர் பார்ப்பாரே, அது.

"தங்கச்சி, அது சும்மா பராமரிப்புப் பதிப்பு. புதுசா ஒண்ணும் இருக்காது லா. பெலான் பெலான், மெதுவா செய்வோம். ராயா முடியட்டும்."

"ராயாவுக்கு முன்னாலயே எனக்கு கன்ஃபர்ம் ஆகணும் அண்ணே."

"அவசரப்படாத. நோன்பு வேற வச்சிருக்க. தண்ணி குடிக்காம ஓடுனா மண்டை சூடாயிரும்" என்று பரிவோடு சொல்லிவிட்டு, அவள் எதிரிலேயே தேநீரை ஒரு மிடறு உறிஞ்சினார். அன்று மாலை முதலாளிக்கு அறிக்கை போயிற்று: தரவைப் பிடித்தவரின் கவனக்குறைவால் கோப்பு பழுதடைந்துவிட்டது.

ஒரு மனிதர் தன் சோம்பலுக்குப் பிறர் பெயரை இவ்வளவு நல்ல நடையில் வைக்க முடியும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

செவ்வாய்க்கிழமை வந்தது. முதலாளி அப்துல் அஜீஸ் மூன்று மணிக்கு எல்லாரையும் தம் அறைக்கு அழைத்தார். மேசைமேல் ஒரு பக்கம் அந்த அறிக்கை, இன்னொரு பக்கம் ஷாஹிராவின் படிவம்.

"ஃபைல் கெட்டுப் போச்சுன்னு எழுதியிருக்கு. எப்படிம்மா கெட்டுச்சு?"

"கெடல பாஸ். திறக்கிற மென்பொருள்தான் பழசு. நீங்க உத்தரவு குடுத்தா என் லேப்டாப்புல இப்பவே திறந்து காட்டுறேன்."

அப்துல் அஜீஸ் திரும்பினார். "ஏன் மோகன், நம்ம மெஷின்லயே புதுசு போட வேண்டியதுதானே?"

"போட்டுரலாம் பாஸ். ராயா முடியட்டும்னு..."

"ராயா யாருக்கு?"

மோகனராஜ் மேசைமேல் கிடந்த தன் அறிக்கையை நேராக்கி வைத்தார்.

"நோன்பு எனக்கு. பெருநாள் எனக்கு. லீவு மட்டும் உன் மெஷினுக்கா? நீ திறம்மா."

ஷாஹிரா திறந்தாள். மூடிக்கொள்ளவில்லை. வரிகள் மளமளவென்று இறங்கின. ஓரிடத்தில் நிறுத்தி விரலை வைத்தாள். ஒரே முகவரியை இரண்டு இயந்திரங்கள் 'அது நான்தான்', 'அது நான்தான்' என்று உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தன. ஒன்று லேபிள் அச்சு இயந்திரம். மற்றது, ஷிஃப்ட் மாறும்போது தொழிலாளர்கள் விரல் வைக்கும் வருகைப் பதிவு இயந்திரம். அது விழித்துக்கொள்ளும் போதெல்லாம் அச்சு இயந்திரத்துக்குப் போக வேண்டிய வேலை இதற்கு வந்து வீணாயிற்று.

"என்ன முகவரி?"

"கடைசி எண் நாப்பத்தஞ்சு, பாஸ்."

நாலும் ஐந்தும் ஒன்பது. அறையில் இருந்த யாரும் கூட்டல் தெரியாதவரல்லர்.

"ரெண்டையும் யாரு மாட்டுனது?" என்று அப்துல் அஜீஸ் கேட்டார். அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அச்சு இயந்திரம் போன வருஷம், விரல் இயந்திரம் மூன்று வாரம் முன்பு. தன் பெயரைத் தவறு செய்தவர் என்று எழுதிய அறிக்கை கண்ணெதிரே கிடக்க, ஷாஹிரா சொன்னாள்: "மாட்டுனவங்க முகவரி லிஸ்ட்ட பாக்க மறந்திருப்பாங்க பாஸ். ஒரு நம்பர மாத்துனா சரியாயிரும்."

அப்துல் அஜீஸ் அறிக்கையை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். படிவத்தை மோகனராஜ் பக்கம் தள்ளினார். "இன்னைக்குத்தான் கடைசி நாள். விதிப்படி உன் கையெழுத்துதான் வேணும். நான் சொல்ல மாட்டேன். நீயே எழுது."

மணி மூன்றேமுக்கால். செவ்வாய்க்கிழமை ராகு காலம் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தது. அந்த நேரத்தில் மோகனராஜ் தன் சொந்த விடுப்பு விண்ணப்பத்தில்கூடக் கையெழுத்திட்டதில்லை. பேனாவை எடுத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. 'நிரந்தரம்' என்று எழுதினார். கையெழுத்திட்டுத் தேதியும் போட்டார். காரணம் எழுதும் கட்டத்தில், சற்று யோசித்து, 'குறிப்புகளை வாசிக்கிறார்' என்று எழுதினார்.

பதினோரு ஆண்டுகளில் முதல் தடவையாக அவரைப் பாராட்டிவிடுவேனோ என்று எனக்கே பயமாகிவிட்டது. நல்லவேளை, அவர் அதற்கு இடம் தரவில்லை.

நேராக ஆய்வு மெஷினுக்குப் போய் உட்கார்ந்தார். நாங்கள் பின்னால் போய் நின்றோம். மென்பொருளைத் திறந்ததும் வழக்கமான சிறு பெட்டி வந்தது: புதிய பதிப்பு தயார். கீழே மூன்று பொத்தான்கள். இப்போதே நிறுவு, பிறகு நினைவூட்டு, இந்தப் பதிப்பைத் தவிர்த்துவிடு. அவர் ஆயுள் முழுக்க நடுப் பொத்தானின் பக்தர். இன்று முதல் பொத்தான்தான் என்று எங்களுக்கு உறுதி. சுட்டி முதல் பொத்தான்மேல் போய் நின்றது. நடுப் பொத்தானுக்கு வந்தது. அங்கும் நிற்கவில்லை. மூன்றாவதில் போய் அழுத்தினார். பெட்டி மறைந்தது.

ஏன்? ஷாஹிரா கேட்கவில்லை, அவள் முகவரியை நாற்பத்தாறாக மாற்ற சிம்பாங் அம்பாட்டுக்குக் கிளம்பிவிட்டாள். நான் கேட்டேன். அன்றும் கேட்டேன், ராயா முடிந்தும் கேட்டேன். "தே ஆறிரும் லா" என்று தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டார். இன்றுவரை அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒருவர் முகம் நினைவுக்கு வந்திருக்கும். அவருக்கும், அவரைத் தெரிந்த எல்லாருக்கும் 'கட்டாயம் படிக்கவும்' என்று இதை அனுப்ப உங்கள் விரல் பரபரப்பதும் தெரிகிறது. அனுப்புங்கள், எனக்கென்ன. ஆனால் அதற்கு முன், கையிலிருக்கும் கைப்பேசியின் ஓரத்தில் பல மாதமாகப் புதுப்பிக்கச் சொல்லி உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்தச் சிவப்புப் புள்ளியை ஒருமுறை பாருங்கள். நேற்று இரவு அதற்கு என்ன பதில் சொன்னீர்கள்?