ஆறாவது தூண்

அகுவாடா,
மே 12

ஃப்ளோரிடாவில் வசிக்கும் மதிப்பிற்குரிய எஃப்ராயின் மாமாவுக்கு,

முதலில் உங்கள் ஆசி, மற்றதெல்லாம் பிறகு. உங்கள் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நானும் யாரிட்சாவும் நலம். வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நலம், நன்றாக உதைக்கிறது. ஜூன் முப்பதாம் தேதி நாங்கள் மூவரும் தெருவில் நிற்போம் என்பதைத் தவிர வேறு குறையில்லை. எங்கள் வீட்டுக்காரருக்கு மாதம் முழுக்கக் குடியிருப்பவர்கள் இனி வேண்டாமாம். இரண்டு இரவு தங்கி, கடலில் குளித்து, சுவரில் மணலைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் வேண்டுமாம்.

நம் ஊர்க் கிழவி தோன்யா ப்ரோவியின் வீட்டை வாங்கப் போவதாகச் சொல்லிப் படம் அனுப்பினேன் அல்லவா? நீங்கள் உடனே வீடியோவில் வந்து, அந்தப் பாதி ஆட்காட்டி விரலை நீட்டி, "கண்ணை மூடிட்டு வாங்குடா, யாரோ நல்ல கைகாரன் கட்டினது" என்றீர்கள். கண்ணை மூடச் சொன்ன அதே வாயால், வீட்டைப் பரிசோதிக்க ஆள் வரும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொள் என்று ஒரு பட்டியலும் கொடுத்தீர்கள்: இன்ஸ்பெக்டரை ஒரு நிமிடமும் தனியே விடாதே, அவர் ஏறும் இடமெல்லாம் நீயும் ஏறு, எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திற, உங்கள் சொந்த வீடாக இருந்தால் எதை முதலில் சரிசெய்வீர்கள் என்று கேள். எல்லாவற்றையும் செய்தேன் மாமா. அதுதான் வினையே.

வந்தவர் ஒரு பெண். இவெலிஸ் கிண்டெரோ என்று பெயர், சுத்தியலும் டார்ச்சுமாக வந்தார். தோன்யா ப்ரோவிக்கு அவர் விருந்தாளி. வாசலிலேயே காப்பி, பிறகு பச்சைத்துவரைச் சோறு, அதன்மேல் பன்றி வறுவல். "சாப்பிட்டுட்டு ஏறலாம், கூரை எங்கயும் போயிடாது" என்றார் கிழவி. அவர் கையால் தின்றுவிட்டு அவர் வீட்டில் குறை சொல்லும் துணிச்சல் நம் ஊரில் யாருக்கு உண்டு? யாரிட்சா பதற்றத்தில் "என்ன அழகான வீடு" என்று நான்கு முறை சொல்லிவிட்டாள். நான் மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன். குறை கிடைத்தால்தானே விலை இறங்கும்? ஆனால் பெரிய குறை கிடைத்தால் வங்கி கடன் தராது. அதனால் குறை இருக்க வேண்டும், அளவாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே கூரை ஏறினேன். கூரையில் ஒரு விரிசல், நன்றி கடவுளே. தண்ணீர்த் தொட்டியில் கசிவு, இன்னும் நன்றி. குழாய்களை ஒன்றாகத் திறந்தேன், குளியலறையில் வந்தது பல்லி மூத்திரம் அளவு. விலை என் மனதில் இறங்கிக்கொண்டே வந்தது.

அத்தோடு கீழே இறங்கிப் போயிருக்கலாம். உங்கள் பட்டியலில் தூண் இல்லவே இல்லை. நான்தான் அதிகப்பிரசங்கியாக, "கார் நிக்கிற இடத்துல வீட்டைத் தாங்குற ஆறு தூண் இருக்கே, அதையும் தட்டிப் பாருங்கம்மா" என்றேன். ஐந்து தூண்கள் கல் போல ஒலித்தன. ஆறாவது, துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் இருந்தது. இயந்திரத்தை நகர்த்தித் தட்டினார். தகரடப்பா சத்தம். பூச்சு உதிர்ந்தது. உள்ளே கடற்கரை மணல் மாமா, சிப்பியோடு. கம்பி பென்சில் பருமன், அதுவும் துரு.

"உங்க சொந்த வீடா இருந்தா என்ன செய்வீங்க?" என்று உங்கள் கேள்வியைக் கேட்டேன்.

"இதுக்குக் கீழ காரைக்கூட விடமாட்டேன்" என்றார். "தெற்கே பூமி ஆடினப்போ இந்த மாதிரி வீடுங்கதான் உட்கார்ந்துச்சு."

"கட்டினவன் எப்பவோ ஊரை விட்டுப் போயிட்டான் ராசா, கடவுள் அவனைப் பார்த்துக்கட்டும்" என்றார் தோன்யா ப்ரோவி.

"கடவுளுக்கு வேலை நிறைய இருக்கு, விலாசம் குடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்றேன். கிழவி என்னைத் திரும்ப மேசைக்கு அழைத்துப்போய் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.

தூணைச் சரிசெய்து பொறியாளர் கையெழுத்து வாங்கினால்தான் கடன் என்கிறது வங்கி. மேஸ்திரிக்குக் கொடுக்க எங்களிடமும் இல்லை, கிழவியிடமும் இல்லை. இதற்கிடையே டெக்ஸாஸிலிருந்து அரைக்கால் சட்டையில் ஒருவன் வந்து, பரிசோதனையே வேண்டாம், முழுப் பணமும் ரொக்கம் என்கிறான். அவன் எதற்குத் தட்டிப் பார்க்க வேண்டும்? அதன்மேல் தூங்கப்போவது அவனில்லையே. "பிள்ளைச் சத்தம் கேக்கணும்னுதான் உனக்குத் தர்றேன்னேன், வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன்" என்று கிழவி சொல்லிவிட்டார்.

ஆகவே, அந்த வீடு எங்களுக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். என் பிள்ளையைச் சிப்பியின்மேல் படுக்கவைக்க மாட்டேன். அந்தத் தூணை எழுப்பிய அயோக்கியன் எங்கிருந்தாலும் அவன் கட்டிலின் கால் முறியட்டும். உங்கள் அறிவுரைக்கு நன்றி. அத்தைக்கு என் வணக்கம். மறுபடியும் உங்கள் ஆசியை வேண்டும்,

மருமகன்
எலியேசர்

பின்குறிப்பு: உறை ஒட்டும் நேரத்தில் பரிசோதனை அறிக்கையின் படங்கள் வந்தன. நாற்பத்தோராம் படம், ஆறாவது தூணின் பின்பக்கம். ஈரச் சிமெண்டில் பதித்த கை, 1994 என்று ஒரு கீறல். ஆட்காட்டி விரல் பாதிதான் இருக்கிறது. தோன்யா ப்ரோவிக்குப் போன் போட்டேன். "உன் மாமாதான் ராசா. கடைசித் தூண் வேலை நடக்கும்போது விமானத்துக்கு நேரமாச்சுன்னு ஓடினான். சொன்னா உன் மனசு கஷ்டப்படும்னுதான் சொல்லல" என்றார். மேலே எழுதியவற்றில் கட்டில் கால் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிடவும். வீட்டை வாங்குகிறோம். மேஸ்திரி இலவசமாக வருகிறார் என்று கிழவியிடம் சொல்லிவிட்டேன், டெக்ஸாஸ்காரனை அனுப்பிவிட்டார். வியாழக்கிழமை விமானத்துக்கு உங்கள் பெயரில் சீட்டு எடுத்திருக்கிறேன். திரும்பிப் போக எடுக்கவில்லை.