டேப் அக்கா அளக்காமல் விட்ட தூரம்

கீழ்க்கட்டளையில் டேப் அக்கா அளக்காத பொருள் ஒன்றுகூடக் கிடையாது. தண்ணீர் லாரி வந்து போனால் தொட்டிக்குள் குச்சி விட்டு ஆழம் பார்ப்பார். காய்கறி வண்டிக்காரர் “ஒன்றரை அடி சுரைக்கா” என்று கூவினால் நிறுத்தி அளந்துவிட்டு, “பதினாறு இஞ்ச்தான் கீது. மிச்சம் ரெண்டு இஞ்ச் எங்க?” என்பார்.

கட்டட வேலைகளில் சூப்பர்வைசர் அவர். எங்கள் குடியிருப்பு நிற்பதே அவருடைய அப்பா நெல் விளைத்த நிலத்தில்தான். அதற்கு ஈடாகக் கிடைத்த தரைத்தள வீட்டில் தனியாக இருந்தார். என்னைவிட நான்கு வயது இளையவர். ஆனாலும் எண்பது வயதுக்காரருக்கும் அவர் அக்காதான். எங்கே போனாலும் கையில் வட்டப் பெட்டியில் சுற்றிய நூறடி டேப். அதைப் பிறர் தொட்டால் கை முறிந்துவிடும்.

2020 மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கு வந்ததும் அவருக்கு யோகம் அடித்தது. ஆறடி இடைவெளி என்று அரசாங்கமே சொல்லிவிட்டதே! தலையில் கட்டட வேலை ஹெல்மெட், முகத்தில் மாஸ்க்கோடு கேட்டில் நின்றுகொண்டு, பால் வாங்கப் போன என்னை மறித்தார்.

“பால்காரருக்கும் உனக்கும் அஞ்சடி பத்து இஞ்ச் சார். அந்த ரெண்டு இஞ்ச்லதான் அது உள்ள பூந்துரும்.”

நான் தினமும் டைரி எழுதுகிறவன். அந்த மே மாதப் பக்கங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. மொட்டை மாடிக்குப் பூட்டு. பிள்ளைகள் கீழே இறங்கக் கூடாது என்று லிஃப்டில் நோட்டீஸ். என் மகள் ஜெனிக்கு ஏழு வயது. “திங்கள்: ஜெனி சோபாவை விட்டு எழுந்தது நான்கு முறை. செவ்வாய்: மூன்று. புதன்: சார்ஜர் தேடி ஒரு முறை.”

ஜூனில் ஒரு வியாழக்கிழமை, பல்வலிக்கு மருந்து வாங்கிக்கொண்டு இருவரும் திரும்பியபோது கரண்ட் இல்லை. மூன்றாம் மாடிக்கு ஏற வேண்டும். பத்தாவது படியில் ஜெனி உட்கார்ந்துவிட்டாள்.

“முடியலப்பா. தூக்கு.”

அவளுக்கு மூச்சு வாங்கியது. பள்ளி விட்டதும் கேட்டிலிருந்து வண்டி வரை என்னை ஓட வைத்த பிள்ளை! கீழே நின்ற டேப் அக்கா எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், புள்ள கெயவி மாதிரி குந்திக்கினு கீது?”

வீட்டுக்குப் போய் மூன்று முறை தெர்மாமீட்டர் வைத்தேன். காய்ச்சல் இல்லை. காலுக்குத்தான் பழக்கம் விட்டுப்போயிருந்தது. இது எதுவரை போகும் என்ற பயம் அன்று என்னைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை டேப் அக்கா குடியிருப்புச் சங்கச் செக்ரட்டரியின் கதவை இடித்தார். “ஆறடி தள்ளி நில்லுன்னுதான சார் சொல்லிக்கீறாங்க? ஓடாதேன்னா சொன்னாங்க?”

“ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரும்மா பொறுப்பு?”

“நான்தான். எழுதிக் குடுக்கவா?”

கீழே நிற்கும் கார்களுக்கு நடுவே இருந்த குறுகிய வழியை அளந்தார். கேட்டிலிருந்து மோட்டார் ரூம் வரை நாற்பத்தாறு அடி. இரு முனையிலும் செங்கல் துண்டால் கோடு. ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை, ஆளுக்குப் பத்து நிமிடம். கோடு வந்ததும் “கோடு!” என்று கத்துவார், சட்டென்று திரும்ப வேண்டும். முதல் நாள் ஜெனி இரண்டு நடை ஓடிவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டாள். “தூணைத் தொடாத!” என்று அதற்கும் ஒரு கத்தல். தீபாவளிக்குள் முப்பது நடை ஓடினாள். எனக்கும் மூச்சு வந்தது.

வெகுநாள் கழித்துப் பக்கத்து மைதானத்தைத் திறந்தார்கள். எங்கள் குடியிருப்பின் பன்னிரண்டு பிள்ளைகளையும் கூட்டிப்போய் “ஓடுங்க!” என்றேன். பாய்ந்து ஓடினார்கள். கொஞ்ச தூரம் போய், பன்னிரண்டு பேரும் சட்டென்று திரும்பி வந்தார்கள். மறுபடி போனார்கள். அதே இடத்தில் திரும்பினார்கள். எதிரே சுவர் இல்லை, கார் இல்லை, வெறும் புல்.

அங்கே நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர், “இன்னா சார், அங்க டெர்மினஸா?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெனியைக் கூப்பிட்டேன்.

“ஏம்மா திரும்பிட்டே?”

“கோடு வந்துடுச்சுப்பா.”

“எங்கேம்மா கோடு?”

ஜெனி குனிந்து தன் காலைப் பார்த்தாள். “காலுக்குத் தெரியுது.”

மறுநாள் டேப் அக்காவை அழைத்துப் போனேன். ஜெனி திரும்பிய இடத்தை அளந்தார். நாற்பத்தாறு அடி, ஒரு இஞ்ச்கூடப் பிசகவில்லை. ஓர் அளவு சரியாக வந்ததற்காக அவர் முகம் வாடி நான் பார்த்தது அன்றுதான்.

“நான்தான் சார் கெடுத்துட்டேன்” என்று புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மெல்ல எழுந்தார். பிறகு, யாரையும் தொட விடாத அந்த டேப்பின் நுனியை ஜெனியின் கையில் கொடுத்தார்.

“இத்தப் புடிச்சிக்கினு ஓடு பாப்பா. கைல இழுக்குற வரைக்கும் கோடு கெடையாது.”

ஜெனி ஓடினாள். நாற்பத்தாறில் கால் தயங்கித் திரும்பிப் பார்த்தாள். “இன்னும் கீது, போ!” அறுபது. எண்பது. பெட்டி கடகடவென்று சுழன்றது. நூறில் டேப் தீர்ந்து, பெட்டி அக்காவின் கையை வெடுக்கென்று இழுத்தது. இப்போது “கோடு!” என்று கத்துவார் என்று நினைத்தேன்.

பெட்டியை விட்டுவிட்டார். அது புல்லில் துள்ளித் துள்ளி ஜெனியின் பின்னாலேயே போனது.

அன்றைய டைரிப் பக்கத்தில் ஜெனி ஓடிய தூரத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். இன்றும் அது காலியாகவே இருக்கிறது. டேப் அக்கா அளக்காததை நான் எப்படி எழுதுவது?